செதுக்கப்பட்ட பெயர்: மாவோரி மோக்கோவும் அதனை வாசித்த இரு நூல்களும்

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் முகத்தில் பொறித்துக்கொள்ளும் மோக்கோவைத் தமிழில் எழுத நேரும்போது முதலில் கைக்கு வருவது 'பச்சை குத்துதல்' என்னும் தொடர். இத்தொடர் செய்முறையையும் பொருளையும் ஒருசேர மறைக்கிறது. பச்சை என்பது ஊசியால் தோலுக்குள் நிறமேற்றுவது. மரபான மோக்கோவில் 'உஹி' எனப்படும் உளியைத் தட்டித் தோலையே செதுக்குவர். புண் ஆறிய பின்னும் பள்ளங்கள் எஞ்சும். கண்ணால் மட்டுமன்றி விரலாலும் அறியத்தக்க கோடுகள் அவை.

அக்கோடுகள் அணியல்ல, அணிந்தவரின் குடிவழியையும் நிலையையும் சுட்டுவன. இங்கிலாந்து சென்ற தலைவர் தெ பெஹி குபே, லிவர்பூலில் கண்ணாடியின் துணையின்றித் தம் மோக்கோவைத் தாளில் வரைந்து காட்டினார். நெற்றிக் கோடுகளே தம் பெயர் என்றும் விளக்கினார். நில ஆவணங்களில் தலைவர்கள் சிலர் தம் மோக்கோவின் பகுதியையே ஒப்பமாக இட்டுள்ளனர். முகம் இங்கு ஆளை அடையாளம் காட்டுவதோடு நில்லாமல் அவர் பொருட்டு உறுதியும் அளிக்கிறது.

இவ்வுறவைத் துண்டித்துவிட்ட நூலாகவே ஹொரேஷியோ ராப்ளியின் 'மோக்கோ' (1896) எனக்குப் படுகிறது. போர்ப்படையில் பணியாற்றிய ராப்ளி தேர்ந்த ஓவியர். அவர் கோட்டோவியங்களின் நுட்பத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் வரைந்தவற்றுள் உயிருள்ள முகங்களுடன் அவரே விலைக்கு வாங்கிச் சேர்த்த பதப்படுத்தப்பட்ட தலைகளும் உண்டு. பெயரிழந்த தலையில் மோக்கோ வெறும் வடிவமாகிவிடுகிறது. ஐரோப்பியர் துப்பாக்கி கொடுத்துத் தலை வாங்கிய காலத்தில், விற்பனைக்கென்றே அடிமைகளின் முகங்களில் பொருளற்ற கோடுகள் பொறிக்கப்பட்டதும் இதன் மறுபக்கமே. நியூ சௌத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் இவ்வணிகத்தை 1831இல் தடைசெய்தார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ராப்ளியிடமும் கொள்வோனின் பார்வை நீங்கவில்லை. அவர் தொகுப்பின் பெரும்பகுதியை நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1907இல் வாங்கியது; அத்தலைகள் 2014இல்தான் தாயகம் திரும்பின.

மாவோரி அறிஞர் ங்காஹுயா தெ அவெகோதுகு, லிண்டா வைமரியே நிகோராவுடன் இணைந்து எழுதிய 'மௌ மோக்கோ' (2007) எதிர்த்திசையில் செல்கிறது. மோக்கோ அணிந்து வாழ்வோரின் சொற்களுக்கு அது முதன்மை தருகிறது. பெண்களின் இதழ், முகவாய் மோக்கோவும் உரிய இடம் பெறுகிறது. 2016இல் முகவாயில் மோக்கோ ஏற்ற நனையா மஹுதா 2020இல் நாட்டின் வெளியுறவு அமைச்சரானபோது உலகம் வியந்து நோக்கியது. அந்நூலின் வாசகருக்கு அதில் வியப்பு குறைவாகவே இருந்திருக்கும்.

மொழிபெயர்ப்புச் சிக்கலுக்கும் மாவோரி மொழியிலேயே விடை உண்டு. குடிவழி உரிமையின்றி அணியப்படும் ஒத்த வடிவங்களைக் 'கிரிதுஹி', அதாவது தோலில் வரைந்தது, எனத் தனித்துக் குறிப்பர். 'பச்சை' என்பதை வேண்டுமாயின் அதற்கு வழங்கலாம். மோக்கோவை மோக்கோ என்றே எழுதுவோம்.