351 எப்படி 311 ஆச்சு?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகள்னு பட்டியல் போட்டது. 2022 அறிக்கையில் அது 311. நாற்பது குறைஞ்சிருக்கு, ஆறெல்லாம் தேறி வருதுன்னு நினைக்கத் தோணும். நானும் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்.

தமிழ்நாட்டு வரிசை வேற கதை சொல்லுது. 2018-ல் ஆறு: காவிரி, பவானி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி, தாமிரபரணி. 2022-ல் பத்து. புதுசா சேர்ந்ததில் கூவமும் அடையாறும் உண்டு. பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினாலே மாசு என்பதுதான் அளவுகோல். கூவத்தில் அது 345, அந்த அறிக்கையிலேயே மிக அதிகம். அப்ப 2018-ல் கூவம் தெளிஞ்சா ஓடிச்சு? பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

எண்ணுகிற முறையிலேயே இன்னொரு சிக்கல். மாசடைந்த இடங்கள் வரிசையாக அமைந்தால் அது ஒரு 'பகுதி'. ஒரே ஆற்றில் தனித்தனியா ரெண்டு பகுதி இருக்குன்னு வைங்க. நடுவில் இருக்கும் நல்ல தண்ணியும் கெட்டால் ரெண்டும் சேர்ந்து ஒண்ணாகிடும். ஆறு மோசமாச்சு, எண்ணிக்கை குறைஞ்சது. எங்க வேலையில் ரெண்டு பக்கை ஒரே டிக்கெட்டில் இணைச்சுட்டு ஒண்ணு தீர்ந்ததுன்னு காட்டினா மேனேஜர் விடமாட்டார்.

அமெரிக்காவில் 1972-ன் தூய நீர்ச் சட்டப்படி, கெட்டுப்போன நீர்நிலைகளைப் பட்டியலிட்டா மட்டும் போதாது. அந்த நீர்நிலை ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவைத் தாங்கும்னு கணக்கிட்டு, யார் எவ்வளவு குறைக்கணும்னு பங்கு பிரிக்கணும். அங்கேயும் எல்லா ஆறும் தேறிடலை. ஆனா கேள்வி சரியான கேள்வி. இங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 செப்டம்பரில் உத்தரவிட்டதால் மாநிலம்தோறும் நதிச் சீரமைப்புக் குழு வந்தது, செயல்திட்டமும் வந்தது. குழுவுக்கு வேலை மாநில எல்லை வரைக்கும்தான்.

இது இண்டூர்க்காரனுக்கு எதுக்குன்னா, எங்க மாவட்டத்துக்கான கூட்டுக் குடிநீர் ஒகேனக்கல்லில் எடுக்கறாங்க. ஃபுளோரைடு தண்ணியிலிருந்து தப்பிக்க வந்த திட்டம், 2013-ல் திறந்தாங்க. நல்ல திட்டம், சுத்திகரிச்சுத்தான் தர்றாங்க. ஆனா 2018 பட்டியலில் தமிழ்நாட்டுக் காவிரி மேட்டூரிலிருந்துதான் ஆரம்பிக்குது. ஒகேனக்கல் அதுக்கு மேலே. அதுக்கும் மேலே, சங்கமத்தில், பெங்களூருவின் சாக்கடையைச் சுமந்துவரும் விருஷபாவதியை வாங்கிக்கொண்ட அர்க்காவதி காவிரியில் கலக்குது. அர்க்காவதி ரெண்டு பட்டியலிலும் இருக்கு, கர்நாடகா கணக்கில். குடிக்கிறது நாங்க, கோப்பு அங்கே.

இத்தனைக்கும் பாதிக் கணக்கு கையில் இருக்கு. பங்கீட்டுச் சண்டை புண்ணியத்தில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் தினமும் நீர்வரத்தை அளக்குது. இத்தனை ஆயிரம் கன அடின்னு பேப்பரில் வருது. அதே இடத்து பிஓடியை அந்த வரத்தோட பெருக்கினா, எல்லை தாண்டி ஒரு நாளில் வர்ற கழிவு எத்தனை டன்னுன்னு தெரிஞ்சுடும். 311-க்குப் பதிலா அந்த ஒரு எண்ணை மாசாமாசம் போடட்டும்.