இணைய முகவரிப் பெயரிடல்: குமரி மாவட்ட ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வலையில் வெளியாகும் ஓர் ஆவணத்துக்கு எந்த முகவரியை, எந்த முறைப்படி வழங்குவது என்று முடிவு செய்வதே இணைய முகவரிப் பெயரிடல். முகவரி மாறினால், அதை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகளிலும் பாடக்குறிப்புகளிலும் மென்பொருள்களிலும் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே தொழில்நுட்பத் தரங்களை வெளியிடும் அமைப்புகள் இதற்கெனத் தனி விதிகளை வகுத்துள்ளன. அவ்விதிகள் தமிழ்ப் பெயர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று சோதிக்கக் கன்னியாகுமரி மாவட்டம் தக்க களம். ஆட்சி எல்லை, ஊரின் தகுதி, எழுத்துக்கூட்டல் ஆகிய மூன்றுமே இங்கு மாறியிருக்கின்றன.

ஆண்டு வழி முகவரி

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதிய கட்டுரையில், பின்னாளில் மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்கலாகாது என்று வாதிட்டார். ஆசிரியர் பெயர், பொருள் வகை, ஆவணத்தின் நிலை, கோப்பின் பின்னொட்டு எல்லாம் மாறும். ஆவணம் உருவான தேதி மாறாது என்பது அவர் தரப்பு.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் இவ்வழியையே பின்பற்றுகிறது. 1998 பிப்ரவரி 10 அன்று வெளியான எக்ஸ்எம்எல் தரத்துக்குத் தேதியுடன் கூடிய ஒரு முகவரியும், எப்போதும் அண்மைப் பதிப்பைக் காட்டும் தேதியற்ற முகவரியும் உண்டு. முன்னது மேற்கோளுக்கு, பின்னது வாசிப்புக்கு. எக்ஸ்எச்டிஎம்எல் பெயர்வெளியின் முகவரியில் 1999 என்ற ஆண்டும், எஸ்விஜி பெயர்வெளியில் 2000 என்ற ஆண்டும் உள்ளன. மென்பொருள்கள் இவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. வலை முழுதும் எச்டிடிபிஎஸ்-க்கு மாறிய பின்னும், இம்முகவரிகள் பழைய எச்டிடிபி என்றே தொடங்குவதற்கு அதுவே காரணம்.

குமரியில் சோதனை

மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று படிநிலையாக முகவரி அமைப்பதே இயல்பாகத் தோன்றும். நாகர்கோவில் 1949 வரை திருவிதாங்கூரிலும், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும், பின்னர் சென்னை மாநிலத்திலும் இருந்தது. 1969 முதல் அம்மாநிலம் தமிழ்நாடு. ஊர் நகரவில்லை, படிநிலை முகவரி இருந்திருந்தால் மூன்று முறை செத்திருக்கும். நகராட்சியாக இருந்த ஊர் 2019இல் மாநகராட்சி ஆனது. கல்குளம் வட்டத்திலிருந்த திருவட்டார் இன்று தனி வட்டம். தகுதியையோ வட்டத்தையோ முகவரியில் சேர்த்த ஆவணங்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் தவறாகிவிடும்.

இதற்கு நேர்மாறானது அஞ்சல் குறியீட்டு எண். 1972இல் நடைமுறைக்கு வந்த அம்முறையில் நாகர்கோவிலின் எண் 629001. ஊரின் தகுதி உயர்ந்தபோதும் அந்த எண் மாறவேண்டியிருக்கவில்லை.

ஆங்கில எழுத்தின் நிலையின்மை

தமிழ்த் தளங்கள் பலவும் 'பாதுகாப்பானது' என்று கருதி ஆங்கில எழுத்தில் முகவரி அமைக்கின்றன. குமரியில் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. மாவட்ட நிர்வாகத்தின் தளம் 'கன்னி' என்பதை இரட்டை 'என்'னும் ஒரு 'ஐ'யும் இட்டு எழுதுகிறது. பரவலான வழக்கில் ஒற்றை 'என்'தான். குளச்சல், தக்கலை ஆகியவற்றின் பழைய ஆங்கிலக் கூட்டல்கள் தமிழ் உச்சரிப்புக்கு வெகுதூரத்தில் உள்ளன. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆணையை நம்பி முகவரியை மாற்றியவர் இருமுறை மாற்றவேண்டியிருந்திருக்கும்.

தமிழ் முகவரியின் விலை

தமிழ் எழுத்திலேயே முகவரி அமைப்பதும் சிக்கலற்றதன்று. ஒருங்குறியில் 'நாகர்கோவில்' 11 குறிகள் கொண்டது. நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியுடன் 9 எழுத்துகளாக விரிவதால், ஊர்ப்பெயர் மட்டும் 99 எழுத்துகள் ஆகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் குறுந்தொடுப்பு வசதி தேவைப்பட்டதன் பின்னணி இதுதான்.

'கோ' என்பதன் துணையெழுத்தை ஒரே குறியாகவும், இரட்டைச் சுழியும் காலும் சேர்ந்த இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. விக்கிப்பீடியாவின் மென்பொருள் இவற்றை ஒருவடிவப்படுத்துகிறது. அதைச் செய்யாத தளத்தில் சரியாகத் தட்டச்சு செய்த வாசகரும் வெறும் பக்கத்தையே காண்பார். 'கோவில்', 'கோயில்' என்ற வழக்கு வேறுபாடு தனி.

மதிப்பீடு

ஆண்டு வழி முறை நிலைத்தன்மையில் வெல்கிறது, வாசகரிடம் தோற்கிறது. 1999 என்ற எண்ணைப் பார்த்து ஒரு மாணவர் அந்தத் தரத்தைப் பற்றி எதையும் அறியமுடியாது. காலாவதியானது என்று தவறாக எண்ணவும் கூடும். பெயர் வழி முறையில் வாசகர் ஊரை உடனே அறிவார், ஆனால் முகவரி வரலாற்றிடம் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே ஆண்டையோ எண்ணையோ அடித்தளமாக வைத்து, அதன்பின் தமிழ்ப் பெயரைச் சேர்ப்பதே தக்க வழி. எண்ணை மட்டும் கொண்டு தளம் பக்கத்தைக் கண்டுபிடிக்கவேண்டும், பெயர் வாசகருக்கு. பெயர் மாறினாலும், பிழையாக எழுதப்பட்டாலும் இணைப்பு அறாது. நீளத்தைக் காட்டித் தமிழைக் கைவிடுவோர், எழுத்தைக் காட்டும் மென்பொருளின் குறையை மொழியின் குறையாகக் கொள்கின்றனர்.

எனினும் எந்த முறையும் தானாக நிலைக்காது. தேதியிட்ட முகவரிகள் இன்றும் திறப்பதற்குக் காரணம், அவற்றைப் பேணும் பொறுப்பை ஓர் அமைப்பு ஏற்றிருப்பதே. வடிவமைப்பைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகளுக்கு வழிமாற்று வைக்காத தளத்தில், மிகச் சிறந்த பெயரிடல் முறையும் பயன்தராது. குமரியின் கல்வெட்டுகள், கோயில்கள், குளங்கள் குறித்து இன்று இணையத்தில் சேரும் தகவல்களுக்கு நேரடியாக எழுந்துள்ள கேள்வி இது.