முதல் பிடி

பெங்களூரில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்து தாம்பூலப் பையும் வாங்கியாகிவிட்டது. ரயிலோ இரவு பத்தரைக்கு. அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் என்று பல வருடமாகக் கேள்விப்பட்டிருந்தேன். பெட்டியை உறவினர் வீட்டிலேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

கௌதமபுரத்தில் காதில் விழுவதெல்லாம் தமிழ்தான். அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவு இருக்கிறது. அதன் வீரர்களுக்கு ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றே செல்லப்பெயர். கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கால்பந்து ஆடியதை வேலியோரம் நின்று பார்த்து, வெளியே வந்த பந்தை எட்டி உதைத்து, அப்படியே ஆட்டம் படிந்துபோன பேட்டைகளில் இதுவும் ஒன்று. இங்கே புத்தரும் அம்பேத்கரும் அன்னை தெரசாவும் சிலையாக நிற்கும் வரிசையில் பெலேயும் நிற்கிறார். கும்பிடத்தக்கவர்கள் யார் யார் என்பதில் பேட்டைக்கு ஒரு தெளிவு இருக்கிறது.

சிலையைப் பார்த்துவிட்டு ஒரு டீக்கடையில் நின்றேன். எதிர்ச் சந்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபது தாண்டியிருக்கும், மடித்துக் கட்டிய வேட்டி, ரப்பர் செருப்பு, கையில் நிறைந்த டீ கிளாஸ். எவனோ ஓங்கி உதைத்த பந்து சுவரில் பட்டுத் திரும்பி, முழங்கால் உயரத்தில் எங்களை நோக்கிப் பாய்ந்தது. நான் ஒதுங்கினேன். “தாத்தா, பால்!” என்று ஒரு குரல்.

அவர் ஒதுங்கவில்லை. வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்தது. பந்தை நோக்கி அது போகவில்லை. பந்து தொடும் சமயம் பின்னால் நகர்ந்தது, பந்தின் கூடவே. சத்தமே கேட்கவில்லை. பந்து அவர் பாதத்திலிருந்து வழிந்து, கழற்றிய செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. டீ சிந்தவில்லை. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிப் பையனிடம் அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார்.

“ஐயா, நீங்க ஆடினவரா?” என்றேன்.

“ஆடினேன் சார், கொஞ்ச நாளு.”

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “கொஞ்ச நாளா? சந்தோஷ் டிராபி ஆடினாரு. கல்கத்தாவுல ஆடினாரு. இவரு பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் டிக்கெட் கேக்க மாட்டான் சார், அப்போ!”

பெயரைச் சொன்னார். உள்ளுக்குள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பார்த்த பெயர். இதில் எழுதக் கூடாது என்பது அவர் கட்டளை. “எழுதினா எத்தினி கோல்னு கேப்பாங்க. நான் கோல் போட்டவன் இல்ல, வாங்கிக் குடுத்தவன்” என்றார்.

அந்த ‘வாங்கி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

வருகிற பந்தை வாங்குவதைப் பழைய ஆட்டக்காரர்கள் ‘ட்ராப்’ என்பார்கள். இப்போது ‘ஃபர்ஸ்ட் டச்’. கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ராகத்துக்கு ‘பிடி’ என்று உண்டு. ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தை வாயில் வைத்து முதல் பிடி பிடித்ததுமே தோடி என்று தெரிந்துவிடும். மணிக்கணக்கில் விரியப்போவதெல்லாம் அந்த ஒரு மூச்சில் அடங்கியிருக்கும். கால்பந்திலும் அப்படித்தான். முதல் பிடி சரியாக விழுந்தால் அடுத்த மூன்று நொடி ஆட்டக்காரனுடையது. பிசகினால் எதிரியுடையது.

எப்படிச் செய்வது என்று கேட்டேன். “லாரியிலேர்ந்து செங்கல் எறக்கறத பாத்திருக்கீங்களா? மேலேர்ந்து ஒருத்தன் போடுவான், கீழ ஒருத்தன் புடிப்பான். கைய வெறப்பா நீட்டிக்கினு நின்னா வெரல் போயிடும். கல்லு எறங்கற வேகத்துக்குக் கையும் கூட எறங்கணும். கால்லயும் அதான்.”

பாடப்புத்தகம் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான அந்தப் பொருள், நெடுஞ்சாலையில் போகும் வண்டியின் வேகத்தில் வருகிறது. இறுகிய காலில் பட்டால் சுவரில் பட்ட மாதிரி தெறித்துவிடும். கணுக்காலைத் தளர்த்தி, பந்தோடு ஒரு சாண் பின்வாங்கினால் வேகம் அந்த ஒரு சாணில் கரைந்துவிடும். மார்பில் வாங்கும்போது மூச்சை வெளியே விட்டுத் தோள்களை முன்னே குவிக்க வேண்டும். மார்பு குழிந்து பந்துக்கு இடம் கொடுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மார்பிலிருந்து பந்து பத்தடி தள்ளிப் போய் விழும். தொடையிலும் இதே கணக்குதான்.

“ஆனா நிறுத்தறது பாதி வேலதான் சார். எங்க நிறுத்தறோம்?” என்று எழுந்தார். என்னை முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் எதிரணித் தடுப்பாட்டக்காரன். அவர் கால் ஒரு இல்லாத பந்தை வாங்கியது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. நானும் இடப்பக்கம் சாய்ந்தேன். அவர் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். பந்தே இல்லாமல் ஏமாந்த என்னைப் பார்த்துச் சந்துப் பையன்கள் சிரித்தார்கள். பந்து வருவதற்கு முன்பே இரண்டு தரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மனத்தில் வரைந்துகொண்டுவிட வேண்டுமாம். பந்து வந்தபின் பார்ப்பவன் ஏற்கெனவே தாமதம்.

நான் பார்த்ததில் இந்தக் கலையின் உச்சம் 1998 உலகக் கோப்பை காலிறுதியில் டென்னிஸ் பெர்க்காம்ப் வாங்கிய பந்து. ஜூலை 4, மார்செய் நகரம், நெதர்லாந்தும் அர்ஜென்டினாவும் 1-1. ஆட்டம் முடியும் தறுவாய். தன் பக்கத்துப் பாதியிலிருந்து ஃபிராங்க் டி போர் ஐம்பது அறுபது கெஜம் தாண்டிக் குறுக்காக ஒரு பந்தைத் தூக்கி அனுப்புகிறார். ஓடிக்கொண்டே பெர்க்காம்ப் எம்பி வலது காலை நீட்டுகிறார். அத்தனை தூரம் பறந்துவந்த பந்து அந்தக் காலில் பட்டு, செத்த மாதிரி கீழே விழுகிறது. இரண்டாவது தொடலில் அது எதிரணித் தடுப்பாட்டக்காரர் அயாலாவின் கால்களுக்கு நடுவே உள்ளே போகிறது. மூன்றாவது, வலது பாதத்தின் வெளிப்பக்கத்தால் ஒரு சீவல். கோல். மூன்று தொடலுக்கும் ஒரே கால். உலகம் மூன்றாவதைக் கொண்டாடியது. முதலாவது கொஞ்சம் பிசகியிருந்தால் மற்ற இரண்டும் பிறந்தே இருக்காது.

இதை நான் விவரித்தபோது பெரியவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “பூட்ஸ் போட்டுக்கினு அப்பிடி எடுத்தான் பாருங்க, அதான் பெரிசு” என்றார். வெறுங்காலில் ஆட்டம் பழகியவர் அவர். கட்டைவிரலின் வளைவு, உள்ளங்காலின் குழி இரண்டும் பந்தை நேரடியாக அறிந்தவை. தோலுக்கு மேல் தோல் போட்டால் அந்தப் பேச்சு பாதி கேட்காமல் போகிறது என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சிக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியபோதும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வெறுங்கால்தான். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றோம். நமக்கு விழுந்த அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சின்கி குளிரில் யுகோஸ்லாவியா 10-1 என்று நம்மைப் புரட்டி எடுத்தபிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. அது சரியான முடிவுதான். ஸ்டட் வைத்த பூட்ஸுக்கு முன் வெறுங்கால் எத்தனை நாள் தாங்கும்? ஆனாலும் பூட்ஸ் போட்ட பிறகும் காலுக்குள் அந்தப் பழைய அறிவு ஒரு தலைமுறைக்கு மிச்சமிருந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்கள் வரும். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமும் அதில் உண்டு.

பெரியவர் கல்கத்தாவுக்குப் போனது அதற்கெல்லாம் பிறகு. அங்கே லீக் ஆட்டம் மழைக்காலத்தில்தான் களைகட்டும். அன்றைய தோல் பந்து தண்ணீர் குடித்து, “ஊறின பருத்தி மூட்ட மாதிரி” கனக்குமாம். வறண்ட தரையில் கற்ற ட்ராப் அங்கே செல்லாது. சேற்றில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும். அவர் ஒரு மாதம் கிரவுண்டு ஓரத்தில் தனியாக நின்று, கிளப் பையன் ஒருவனை உதைக்கச் சொல்லி, வாங்கி வாங்கிப் பழகினார். அந்த மாதம் வாங்கிய பந்துதான் கல்கத்தாவில் தனக்கு ஐந்து வருடம் சோறு போட்டது என்றார்.

1977 செப்டம்பர் 24. ஈடன் கார்டன்ஸில் நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு பெலே ஆடினார். அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற ஒரே வாரம் இருந்தது. தரையெல்லாம் ஈரம். மோகன் பகானுடனான அந்த ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது, பெலே கோல் போடவில்லை. நம் பெரியவர் அன்று கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார். “ஊரே ஏமாந்துபோய் எழுந்துபோச்சு. நான் அவரு கால மட்டும்தான் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு டிக்கெட் காசு வந்துடுச்சு.” திரும்பிச் சிலையைப் பார்த்தார். “இங்க நிக்கறாரே, கால்ல பந்து வந்து வுழற நேரத்த எந்த சிற்பி சார் செய்வான்?”

நியாயமான கேள்வி. முதல் பிடியைக் கல்லில் மட்டுமில்லை, காமிராவிலும் பிடிக்க முடிவதில்லை. கைபேசியில் வரும் கோல் துணுக்குகளைக் கவனியுங்கள். உதைக்கக் கால் ஓங்கும்போதுதான் பெரும்பாலும் படமே ஆரம்பிக்கிறது. சினிமாக் காமிராவும் அப்படித்தான். கால்பந்து வீரர் ஐ.எம். விஜயன் நமக்குக் கண்ணெதிரே இருக்கும் உதாரணம். திருச்சூர் கிரவுண்டில் சோடா விற்ற பையன், கல்கத்தாவில் ‘கறுப்பு மான்’ என்று பெயரெடுத்தவர். 1999இல் தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக 12 நொடியில் கோல் போட்டவர். 2025இல் பத்மஸ்ரீயும் வந்தது. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அவரை ‘திமிரு’ வில்லனாகத்தான் தெரியும். ‘பிகில்’ முழுக்க முழுக்கக் கால்பந்துப் படம். அதிலும் அவருக்குக் கொடுத்தது ரவுடி வேடம். படத்தில் இருந்தவர்களிலேயே பந்தை நன்றாக வாங்கத் தெரிந்த காலுக்கு அங்கே வேலை இல்லை.

ரசிகர்களாகிய நாமும் அதே தப்பைத்தான் செய்கிறோம். கோல் விழுந்தால் எழுந்து நிற்கிறோம். நாற்பது கெஜத்திலிருந்து வந்த பந்தை ஒரு பையன் முதுகுக்குப் பின்னால் ஆள் மூச்சுவிட, சத்தமில்லாமல் இறக்கிவைக்கும்போது பக்கத்திலிருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் கை தட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, கால்பந்தில் நாம்தான் அந்தக் கூட்டம்.

இருட்டியபோது பையன்கள் ஆட்டத்தை முடித்தார்கள். பெரியவர் டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. கிளம்பும்போது அந்தச் சந்துப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு, “உதைக்கறதெல்லாம் அப்பறம்டா, மொதல்ல வாங்கக் கத்துக்கோ” என்றார். பல தரம் கேட்ட பாட்டு போலிருக்கிறது. அவன் “சரி தாத்தா” என்று ஓடிவிட்டான்.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, கோலுக்குக் கத்துங்கள், தப்பே இல்லை. ரீப்ளே வரும்போது மட்டும் கொஞ்சம் முன்னாலிருந்து பாருங்கள். அந்தப் பந்தை யாரோ ஒருவர் வாங்கிக் கொடுத்திருப்பார்.