கல்லில் இடம்பெறாத தாய்மார்

முன்னோரைத் தேடிக் காண்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டோர் நம் சபைகளில் உண்டு. முன்னாளில் ஐரோப்பியப் பட்டாளம் தங்கியிருந்த பூவிருந்தவல்லி போன்ற இடங்களில் தம் வேர்களைத் தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார்க்குப் பெருந்துணையாயிருக்கும் நூல், ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பாகும்.

இதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மழையும் மரவேரும் சிதைத்துவரும் எழுத்துக்களைக் காட்டன் ஏட்டில் ஏற்றியதோடு, இறந்தோரைப்பற்றிய வாழ்க்கைக் குறிப்புக்களையும் சேர்த்துள்ளார். ஆயினும் வரலாற்று, தொல்லியல் சிறப்புடைய கல்வெட்டுக்களின் பட்டியல் என்றே நூலின் தலைப்பு அமைந்துள்ளது. சிறப்பு இன்னது என நிர்ணயித்தவர் யார்? கல் நாட்ட வசதியற்ற சிப்பாயும், அவனுக்கு வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண்ணும் இத்தகைய பட்டியலுக்குள் வருவதெங்ஙனம்?

இக்குறை காட்டனோடு முடிவதன்று. மாகாணத்து ஐரோப்பியர், அவர் வழிவந்தோர் ஆகியோரின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளின் நகல்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பேணப்படுகின்றன. நம் தமிழ்ச் சபைகள் பலவற்றின் பதிவேடுகளோ, மறுபடி இன்றி ஆலய அலமாரியில் கறையானுக்கு இரையாகின்றன. இந்திய அரசியலமைப்பின் 366(2)ஆம் பிரிவும் ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தந்தைவழி கொண்டே வரையறுக்கிறது. தாய்வழி அங்கே கணக்கில் வருவதில்லை.

வேதாகமத்திலும் வம்ச அட்டவணை இருவகையாய்ப் பயன்படக் காண்கிறோம். எஸ்றா 2:62இல், அட்டவணையில் தங்கள் வம்சத்தைக் காணாதோர் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்படுகின்றனர். அங்கே பதிவு வேலியாகிறது. மத்தேயுவோ கானானியளாகிய ராகாபையும் மோவாபியளாகிய ரூத்தையும் தாமாரையும் மேசியாவின் வம்சத்தில் வைக்கிறார். குலப்பெருமை காக்க நினைப்பவன் மறைத்திருக்கக்கூடிய பெயர்கள் இவை. எனினும் உரியாவின் மனைவியை அவரும் பெயரிட்டுக் கூறவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

நம்மவர் எழுதும் குடும்ப வரலாறுகளையும் இவ்வளவுகோலாலேயே நாம் மதிப்பிடவேண்டும். குடும்பத்தின் முதல் விசுவாசியை நன்றியோடு நினைவுகூர்தல் நலமே. ஆனால், அவர் இன்ன உயர்சாதியார் என நிலைநாட்டுவதற்காகவே ஏடுகளைப் புரட்டுவது, 1 தீமோத்தேயு 1:4 எச்சரிக்கும் வீண் தர்க்கத்திலேயே கொண்டுவிடும். ஞானஸ்நானத்தில் நீக்கப்பட்ட சுவரை மீண்டும் எழுப்ப அதே ஞானஸ்நானப் பதிவேட்டைச் சான்றுக்கு அழைப்பது எத்துணை முரண்!

காட்டன் செய்த பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அவர் விட்டோரைச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. ஆயர்கள் தம் வசமுள்ள பழைய பதிவேடுகளுக்குப் படியெடுத்து வைப்பார்களாக. இனி எழுதும் ஒவ்வொரு பதிவிலும் தாயின் பெயரை முழுமையாக எழுதுவார்களாக. நூறாண்டு கழித்துத் தேடிவரும் பேரப்பிள்ளைக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு கல்வெட்டு இல்லாமற் போகலாம்.