100-க்கு 11: விளிம்பு சீவும் ஆய்வு பற்றி ஒரு குறிப்பு

மார்பகத்தை எடுக்காமல் புற்றுக்கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனில் பெரிய தலைவலி, விளிம்பு. எடுத்த துண்டின் மேல் மை பூசி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுச் செல் மையைத் தொட்டால், உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று சந்தேகம். ஆய்வகத்திலிருந்து இந்த முடிவு வருவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். பெரும்பாலும் மறுபடியும் ஆபரேஷன்தான்.

யேல் பல்கலைக்கழகத்தின் சாக்பர் குழு 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு இதற்கு எளிய வழி ஒன்றைச் சோதித்தது. கட்டியை எடுத்தபின், அந்தக் குழியின் உள்சுவரைச் சுற்றிலும் இன்னொரு மெல்லிய அடுக்கைச் சீவி எடுப்பது. 235 நோயாளிகள். சர்ஜன் தன் வழக்கப்படி வேலையை முடித்த பிறகுதான், யாருக்குச் சீவுவது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இது நல்ல ஏற்பாடு. "எப்படியும் சீவத்தானே போகிறோம்" என்று முதல் வெட்டில் அசட்டையாக இருக்க முடியாது.

முடிவு? விளிம்பில் புற்று இருந்தது சீவியவர்களில் 19%, சீவாதவர்களில் 34%. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கணக்கு: இரண்டாவது ஆபரேஷன் 10%, 21%. விளிம்பு என்பது ஓர் அடையாளம். மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், மறுபடி செலவு என்பதுதான் நோயாளி அனுபவிப்பது.

"பாதியாகக் குறைந்தது" என்றால் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 பேராக வைத்துப் பாருங்க. தோராயமாக 11 பேர் தப்பிக்கிறார்கள். 79 பேருக்குச் சீவாவிட்டாலும் இரண்டாவது ஆபரேஷன் வந்திருக்காது. 10 பேருக்குச் சீவியும் வருகிறது. ஆக ஒருவரைக் காப்பாற்ற சுமார் 9 பேருக்குச் சீவ வேண்டும். சீவிய குழுவில் எடுத்த திசுவின் மொத்த அளவும் அதிகம். மார்பகத்தைக் காப்பாற்றத்தானே இந்த ஆபரேஷன்?

சிக்கல்களிலோ, தோற்றத்தைப் பற்றி நோயாளிகள் சொன்னதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்கிறது கட்டுரை. அதனால் பேரம் லாபம்தான் என்பது என் கணிப்பு. ஆனால் சிறிய மார்பகத்தில் அதே அடுக்கு பெரிய பங்கு; அவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று: புற்று திரும்பி வருவது குறைகிறதா என்பதற்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. அளந்தது விளிம்பையும் மறு ஆபரேஷனையும்தான். "சீவினால் நோய் திரும்பாது" என்று யாராவது இதைக் காட்டிச் சொன்னால் நம்பாதீங்க.