மேற்கோள் கணக்கு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி வழியாகப் போகிறவர்களுக்குச் சவீதா பல் மருத்துவக் கல்லூரியைத் தெரிந்திருக்கும். 2022 என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், பல் மருத்துவத்தில் நாட்டிலேயே முதலிடம். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 'சயின்ஸ்' இதழும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தளமும் சேர்ந்து ஒரு புலனாய்வை வெளியிட்டன. இளநிலை மாணவர்கள் சுமார் 500 பேர் நான்கு மணி நேரத் தேர்வில் உட்கார்ந்து ஆய்வுக்கட்டுரை எழுதுகிறார்கள். அவை செப்பனிடப்பட்டு ஆய்விதழ்களுக்குப் போகும்போது அதே கல்லூரியின் பழைய கட்டுரைகள் மேற்கோள்களாகச் சேர்க்கப்படுகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. கட்டுரையும் மேற்கோளும் அந்தத் தரவரிசைக்கு மதிப்பெண்கள்.

இதே 'சயின்ஸ்' இதழில்தான் 1955-இல் யூஜீன் கார்ஃபீல்ட் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தார். ஒரு கட்டுரையில் தப்பு இருக்கிறது என்று பின்னால் யாராவது எழுதியிருந்தால் அது வாசகருக்குத் தெரியவேண்டும் என்பது அவருடைய முக்கியமான கவலை. ஆக, வாசகரை எச்சரிக்க வந்த கருவி இது. இன்று அதை வைத்துக் கல்லூரிகளுக்கு ரேங்க் போடுகிறோம்.

புரோகிராமர் கண்ணுக்கு இது ஒரு நெட்வொர்க். கட்டுரை ஒரு புள்ளி, மேற்கோள் ஒரு அம்பு. உள்ளே வரும் அம்புகளை வெறுமனே எண்ணினால் பாராட்டியதும் மறுத்ததும் ஒன்றுதான். 1998-இல் கூகுளின் பேஜ்ரேங்க் இதே யோசனையை இணையப் பக்கங்களுக்குக் கொண்டுபோனபோது, சுட்டுகிறவர் யார் என்பதற்கும் எடை கொடுத்தது. ஒருவரையொருவர் சுட்டிக்கொள்ளும் பக்கங்களைக் கூட்டமாக உருவாக்கி அதையும் ஏமாற்றப் பார்த்தார்கள். எந்த எண்ணுக்குப் பரிசு வைத்தாலும் அந்த எண்ணைத் தயாரிக்க ஆள் வந்துவிடும்.

அதற்காக எண்ணவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு துறைக்குப் புதிதாக வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று காட்ட இதைவிட நல்ல வழி குறைவு. சொந்த நிறுவனத்தின் அம்புகளை நீக்கிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். மிஞ்சும் கட்டுரைகளில் பத்தையாவது திறந்து, மேற்கோள் வரும் வாக்கியத்தைப் படியுங்கள். அந்த மேற்கோளை எடுத்துவிட்டால் வாதம் சரிகிறதா? சரிந்தால் அங்கே செல்வாக்கு இருக்கிறது. சரியவில்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

குண்டலகேசி நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. உரைகளிலும் புறத்திரட்டிலும் எடுத்தாளப்பட்டதால் கொஞ்சம் பாடல்கள் பிழைத்தன. எண்ணிப் பார்த்தால் சொற்ப மேற்கோள்கள்தான். ஆனால் அவற்றை எடுத்தாண்டவர்கள் அந்த நூலைப் படித்திருந்தார்கள். தரவரிசையின் எந்தக் கட்டத்திலும் அதற்கு மதிப்பெண் இல்லை.