கதை முடியும் இடத்தில் தொடங்கும் செய்முறை: கோவளம் கடற்கரையை முன்வைத்துத் தொடக்க வகுப்புக் கதைகள் குறித்த ஒரு மதிப்பீடு

தாகமுற்ற காகத்தின் கதை தமிழகத் தொடக்க வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. காகம் கற்களை இடுகிறது. நீர் மேலே வருகிறது. அறிவின் பெருமை நீதியாக உரைக்கப்படுகிறது. இதனைக் குவளையும் கூழாங்கற்களும் கொண்டு செய்து பார்த்தால் வேறொன்று புலப்படும். ஏறத்தாழ ஒரே அளவுள்ள உருண்டைக் கற்களை ஒரு கலத்தில் நிரப்பும்போது அதன் கொள்ளளவில் சுமார் 40 விழுக்காடு இடைவெளியாகவே எஞ்சும். அடியில் இருக்கும் நீர் அதற்கும் குறைவாயின், வாய்வரை கற்கள் நிறைந்த பின்னும் நீர் அலகுக்கு எட்டாது. சிறியனவும் பெரியனவுமாகக் கற்களைக் கலந்திட்டால் இடைவெளி குறையும். நீர் எட்டவும் கூடும். ஆயின் எந்தக் கல்லை, எவ்வளவு இடுவது என்னும் வினாவுக்குக் கதை இடம் தருவதில்லை. சிக்கலும் தீர்வும் ஒருங்கே குழந்தையின் கையில் வைக்கப்பட்டுவிடுகின்றன.

கதையையும் பொறியியல் செய்முறையையும் இணைக்கும் முயற்சிகளை மதிப்பிட இந்த வேறுபாடே அடிப்படையாகும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘நாவல் இன்ஜினியரிங்’ என்னும் அணுகுமுறையில் மாணவர்கள் கதையைப் படித்து, பாத்திரம் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைத் தாமே கண்டறிகின்றனர். அப்பாத்திரத்துக்காக ஒரு பொருளை வடிவமைத்து, செய்து, சோதித்து, திருத்துகின்றனர். ஆசிரியர் சிக்கலை எடுத்துக் கொடுப்பதில்லை. எடை, விலை, காலம் முதலான வரையறைகளைப் பாத்திரத்தின் வாழ்நிலையே விதிக்கிறது. கதை இங்கே செய்முறைக்கு முன் சொல்லப்படும் ஓர் ஒப்பனையன்று.

தமிழகத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வயதுகளுக்கு உரியனவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும், பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் கதை, பாடல், பொம்மலாட்டம் ஆகியவற்றைக் கொண்டு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அறிவியல் செய்முறைகளை வழங்குகிறது. கதை கேட்கும் வயதில் சோதனை இல்லை. சோதனை வரும் வயதில் கதை விடைபெற்றுவிடுகிறது. இதற்கு முன், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் குழந்தையின் கைகளுக்கு வேலை கொடுத்தது உண்மையே. எனினும் அட்டைகளின் வரிசையில் விடை முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கை இயங்குவது மட்டுமே வடிவமைப்பு ஆகிவிடாது.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் போன்ற மீனவ ஊரில் இப்பிரிவினையின் இழப்பு தெளிவாகத் தெரியும். எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் வெளியிட்ட ‘தி ஸ்னோவி டே’ என்னும் படக்கதையில் சிறுவன் பனியுருண்டையைச் சட்டைப்பையில் வைக்கிறான், அது உருகிவிடுகிறது. பனிப்பொழிவு கோவளத்துக் குழந்தைக்கு அயலானது, ஐஸ் அயலானதன்று. கூடையில் மீனும் ஐஸும் சுமந்து வெயிலில் விற்கச் செல்லும் பெண்ணைப் பற்றிய கதை ஒன்றை வகுப்பில் வைப்பதாகக் கொள்வோம். விலை மிகுந்த பெட்டி அவளுக்குக் கட்டுப்படியாகாது. சுமை தலையில் ஏற வேண்டும். உருகும் நீர் முகத்தில் வழியக் கூடாது. வைக்கோல், சாக்கு, மரத்தூள், தெர்மாக்கோல் ஆகியவற்றுள் எது ஐஸை நெடுநேரம் காக்கும், எது சுமையைக் கூட்டும் என்பதை எட்டு வயதுக் குழந்தை ஒரு முற்பகலில் சோதித்து அறியலாம்.

கட்டுமரம் இதனினும் வளமான எடுத்துக்காட்டு. ஆணியின்றிக் கயிற்றால் பிணைக்கப்பட்ட மரங்களின் இடைவெளி வழியே நீர் புகுந்து வெளியேறுவதால், அலை மேலே புரண்டாலும் அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. நீரை உறிஞ்சி மரம் கனக்கும் என்பதால் கரையில் கட்டவிழ்த்து உலர்த்துவர். ஃபைபர் படகுகள் பெருகிவிட்ட இன்று இந்நுட்பம் முதியோர் பேச்சில்தான் பெரிதும் எஞ்சியுள்ளது. அப்பேச்சும் வகுப்பறைக்கு ஏற்ற கதையே.

இவ்வணுகுமுறையின் மீது ஐயமும் எழ வேண்டும். எல்லாக் கதைகளும் தீர்வு கோருவன அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தந்தையை இழந்த சிறுமியின் கதையைப் படித்தவுடன் ‘அலையைத் தடுக்கும் சுவர் கட்டுக’ எனப் பணிப்பது, துயரத்தைப் பயிற்சி வினாவாகச் சுருக்கிவிடும். அந்த இழப்பின் நினைவு இக்கரையில் பல வீடுகளில் உள்ளது. எக்கதையோடு அமைதியாக இருக்க வேண்டும், எக்கதையிலிருந்து கருவி செய்ய எழ வேண்டும் என்பதைத் தேர்வது இலக்கிய வாசிப்பைச் சார்ந்த முடிவு. பயிற்சிக் கையேடு அதனை ஆசிரியருக்காகச் செய்துவிட இயலாது.

மதிப்பீட்டு முறையிலும் இடர் உள்ளது. ‘எண்ணும் எழுத்தும்’ குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மொழித்திறன், எண்திறன் நிலைகளால் வகைப்படுத்துகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறி ‘அரும்பு’ நிலையில் வைக்கப்பட்ட மீனவக் குழந்தை, கதையைச் செவிவழிக் கேட்டு, கயிற்று முடிச்சில் வகுப்பிலேயே உறுதியான மிதவையைக் கட்டக்கூடும். முதல் மிதவை ஏன் கவிழ்ந்தது என்று வாய்மொழியாக விளக்கவும் கூடும். எழுத்தையும் எண்ணையும் மட்டும் அளக்கும் நிலைவகைப்பாட்டில் அந்த விளக்கத்துக்கு இடமில்லை. மிதவை நீரில் நின்ற பின்னும் அக்குழந்தை ‘அரும்பு’ நிலையிலேயே இருக்கும்.